பில்டர் வாங்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள்!

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு "பில்டர்" என்ற சொல் புதிதல்ல. போட்டோ எடிட்டிங் சாப்ட்வேர் எதைத் திறந்தாலும் பில்டர் என்று ஒரு மெனு இருக்கும். கிளிக் செய்தால் படம் கருப்பு வெள்ளையாகும், மங்கலாகும், கூர்மையாகும். பிடிக்கவில்லை என்றால் அன்டூ கொடுத்துவிட்டு வேறு ஒன்றை முயற்சிக்கலாம். செலவு எதுவும் இல்லை.

இரவு வானத்தைப் படம் பிடிப்பவர்கள் பேசும் பில்டர் வேறு. அது நட்சத்திரத்தின் ஒளிக்கும் கேமராவின் சென்சாருக்கும் நடுவில் நிற்கும் ஒரு வட்டக் கண்ணாடி. அதில் அன்டூ கிடையாது. நல்ல பில்டர்கள் பல இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். ஒரு கம்ப்யூட்டர் வாங்கும் பணத்தில் கிட்டத்தட்ட பாதி!

நான் சாப்ட்வேர் வேலையில் இருப்பவன். சனிக்கிழமை இரவுகளில் மொட்டை மாடியில் கேமராவுடன் நிற்பவன். அதனால் அலுவலக நண்பர்கள் முதல் அடுத்த வீட்டு மாமா வரை என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "தம்பி, எந்த பில்டர் வாங்கலாம்?" என் பதிலை முதலிலேயே சொல்லி விடுகிறேன். புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு முதல் ஆறு மாதத்தில் பில்டரே தேவையில்லை. எதைப் படம் பிடிக்கப் போகிறோம் என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தவர் மட்டுமே பில்டர் வாங்க வேண்டும். இப்படிச் சொல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

கம்ப்யூட்டரால் செய்ய முடியாத வேலை

"கண்ணாடி எதற்கு? அந்த வேலையைக் கம்ப்யூட்டரிலேயே செய்து கொள்ளலாமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நகரத்தில் எடுத்த படத்தில் வானம் சாம்பலும் ஆரஞ்சும் கலந்து வெளுத்துக் கிடக்கும். அந்த வெளுப்பைக் கழித்து விட்டு, பின்னணியைக் கருப்பாக்கிக் காட்டும் சாப்ட்வேர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிறகு என்ன குறை?

மழை பெய்யும்போது தகரக் கூரையில் விழும் துளிகளை நிமிடத்திற்கு நிமிடம் எண்ணிப் பாருங்கள். சராசரி 100 துளி என்றால், ஒரு நிமிடம் 92 வரும். அடுத்த நிமிடம் 107 வரும். சரியாக 100 என்பது எப்போதாவதுதான். ஒளியும் இப்படித் துளித் துளியாகத்தான் சென்சாரில் விழுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு, அந்த எண்ணின் வர்க்க மூலம். 100 துளிக்கு 10. 10,000 துளிக்கு 100.

நகரத்து வெளிச்சம் கேமராவிற்குள் 10,000 துளிகளைக் கொட்டினால், கம்ப்யூட்டர் அந்த 10,000ஐக் கழித்து விடும். ஆனால் அதனுடன் வந்த 100 துளி ஏற்ற இறக்கத்தைக் கழிக்க முடியாது. எந்தப் பிக்ஸலில் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் தேடும் நெபுலாவின் ஒளி 50 துளி என்றால், அது அந்தத் தடுமாற்றத்தில் மூழ்கி விடும். இதைத்தான் படத்தில் நாய்ஸ் என்கிறோம். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்!

கண்ணாடி பில்டரின் பெருமை இங்கேதான். வேண்டாத ஒளி எண்ணாக மாறும் முன்பே அது தடுத்து விடுகிறது. ஒளியும் வராது, அதன் ஏற்ற இறக்கமும் வராது.

வானொலி நிலையம் போல

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலை நீளம் கொண்டது. நட்சத்திரங்கள் இந்த அகலம் முழுவதிலும் ஒளி வீசுகின்றன. ஆனால் சில வாயு மேகங்கள் அப்படி அல்ல. அருகில் உள்ள சூடான நட்சத்திரங்களின் புற ஊதா ஒளியால் தூண்டப்பட்டு, குறிப்பிட்ட சில அலை நீளங்களில் மட்டும் ஒளிர்கின்றன. இவற்றை எமிஷன் நெபுலா என்கிறோம்.

இதில் மூன்று பெயர்களை நினைவில் வைத்தால் போதும். ஹைட்ரஜன் தரும் ஹெச்-ஆல்பா 656.3 நானோமீட்டரில் சிவப்பாக இருக்கும். ஆக்ஸிஜன் தரும் ஓ-3 என்பதன் முக்கியக் கோடு 500.7ல், நீலமும் பச்சையும் கலந்த நிறம். கந்தகம் தரும் எஸ்-2 என்பது 672ஐ ஒட்டி, ஆழ்ந்த சிவப்பு.

ரேடியோவில் ஒரு நிலையத்தை மட்டும் பிடிக்கிறோம் அல்லவா? அதே வேலைதான். நேரோபேண்ட் பில்டர் இந்தக் கோடுகளைச் சுற்றி 3 முதல் 12 நானோமீட்டர் அகலத்திற்கு மட்டும் வழி விட்டு, மற்ற எல்லாவற்றையும் தடுத்து விடும். ஒரே கண்ணாடியில் ஹெச்-ஆல்பா, ஓ-3 இரண்டிற்கும் வழி விட்டால் அது டூயல் பேண்ட் பில்டர்.

இந்த முறை நமக்குப் புதிதும் அல்ல. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1900களின் தொடக்கத்திலிருந்தே சூரியனைக் கால்சியத்தின் ஒரு குறிப்பிட்ட கோட்டிலும், பின்னர் ஹெச்-ஆல்பாவிலும் படம் பிடித்து வந்திருக்கிறார்கள். அங்கே வேலையைச் செய்தது ஸ்பெக்ட்ரோஹீலியோகிராப் என்னும் கருவி. முழு ஒளியிலிருந்து ஒரு கோட்டை மட்டும் பிரித்தெடுப்பது என்ற தத்துவம் ஒன்றுதான்.

ஒரு சின்னக் கணக்கு

விளம்பரம் சொல்வதை நம்புவதை விட, கால்குலேட்டரைத் திறந்து நாமே போட்டுப் பார்ப்பது நல்லது. வண்ணக் கேமராவின் சிவப்புப் பிக்ஸல் ஏறத்தாழ 100 நானோமீட்டர் அகலத்திற்கு ஒளியை வாங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். அதில் 7 நானோமீட்டர் பில்டரைப் போட்டால், நகரத்து வெளிச்சம் ஏறத்தாழ 14ல் ஒரு பங்காகக் குறையும்.

பில்டர் இல்லாமல் ஒரு படத்தில் நெபுலாவின் ஒளி 100, வான வெளிச்சம் 1,400 என்று கொள்ளுங்கள். மொத்தம் 1,500. இதன் வர்க்க மூலம் சுமார் 39. எனவே சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம் 100/39, அதாவது 2.6.

இப்போது பில்டர் போடுகிறோம். கண்ணாடி கொஞ்சம் விழுங்கி விடும் என்பதால் நெபுலா 90. வான வெளிச்சம் 100. மொத்தம் 190. வர்க்க மூலம் சுமார் 14. விகிதம் 6.5 ஆகிறது. பில்டர் இல்லாமல் இதே தரம் வேண்டும் என்றால், 1 மணி நேரப் படப்பிடிப்பிற்குப் பதிலாக சுமார் ஆறரை மணி நேரம் நிற்க வேண்டும். பில்டருக்குக் கொடுத்த பணம் இங்கே நியாயமாகிறது.

அதே பில்டரை ஒரு கேலக்ஸிக்குப் போட்டால் என்ன ஆகும்? ஆண்ட்ரோமெடா கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் தொகுப்பு. அதன் ஒளி முழு அகலத்திலும் பரவியிருக்கிறது. எனவே வான வெளிச்சம் 100 ஆகும்போது, கேலக்ஸியின் ஒளியும் 100லிருந்து 7 ஆகி விடும். விகிதம் 2.6லிருந்து 0.7க்கு இறங்கி விடுகிறது. காசு கொடுத்து படத்தைக் கெடுத்துக் கொண்ட கதைதான்!

ஒரே பில்டர், ஒரே மாடி, ஒரே கேமரா. பொருள் மாறியதும் பலன் தலைகீழாகி விட்டது. அதனால்தான் "எந்த பில்டர் நல்லது?" என்ற கேள்விக்கு "எதைப் படம் பிடிக்கப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

எல்இடி விளக்கு வந்த பின்

"லைட் பொல்யூஷன் பில்டர்" என்ற பெயரில் இன்னொரு வகை விற்கப்படுகிறது. இது நேரோபேண்ட் போல குறுகியது அல்ல. தெரு விளக்கு வெளிச்சத்தை மட்டும் வெட்டி, மற்றதை விட்டு விடும் என்பது அதன் வாக்குறுதி. இந்த வாக்குறுதி ஒரு காலத்தில் பெருமளவு உண்மையாக இருந்தது. தெருக்களில் மஞ்சள் நிற சோடியம் விளக்குகள் இருந்தன. அவற்றின் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டரை ஒட்டியே இருக்கும். மெர்க்குரி விளக்குகளுக்கும் 436, 546 என்று சில கோடுகள்தான். அந்த இடங்களில் மட்டும் கதவைச் சாத்தி விட்டால் போதும்.

இன்று நம் தெருக்களில் வெள்ளை எல்இடி விளக்குகள் வந்து விட்டன. மத்திய அரசின் தெரு விளக்குத் திட்டம் 2015ல் தொடங்கியது. அதன் கீழ் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட எல்இடி தெரு விளக்குகள் நாடு முழுவதும் பொருத்தப்பட்டிருக்கின்றன. மின்சாரம் மிச்சமாகிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வெள்ளை எல்இடியின் ஒளி 450 நானோமீட்டரில் ஒரு நீல முகடும், அதையடுத்து பச்சை, மஞ்சள், சிவப்பு வரை ஒரு பெரிய மேடுமாகப் பரவி நிற்கிறது. எந்தக் கதவைச் சாத்துவது?

எனவே, பழைய நாளில் எழுதப்பட்ட புகழுரைகளைப் படித்து விட்டு அகலமான லைட் பொல்யூஷன் பில்டரை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் தெருவில் இன்னும் சோடியம் விளக்குகள் இருந்தால் ஓரளவு பலன் தரும். எல்இடி தெரு என்றால், அந்தப் பணத்தை உண்டியலில் போடுங்கள்.

எதற்கு எது?

சந்திரன்: பில்டர் வேண்டாம். வெயிலில் காயும் பாறைதான் சந்திரன். அதில் வெளிச்சத்திற்குப் பஞ்சமில்லை. கண்ணுக்குக் கூசினால், கண்ணால் பார்க்கும்போது மட்டும் மூன் பில்டர் போட்டுக் கொள்ளலாம். கேமராவில் எக்ஸ்போஷரைக் குறைத்தால் போதும்.

கிரகங்கள்: டெலஸ்கோப்புடன் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒரு பெட்டி தருவார்கள். அவை கண்ணால் பார்ப்பதற்கு. வண்ணக் கேமராவில் இவற்றைப் போட்டால் படம் முழுவதும் அந்த நிறம் ஏறும், அவ்வளவுதான். கிரகங்களை எடுக்கும் கேமராவின் முகப்பில் வெறும் கண்ணாடிதான் இருக்கிறது என்றால், புற ஊதா, அகச்சிவப்பு இரண்டையும் தடுக்கும் யுவி-ஐஆர் கட் பில்டர் அவசியம். லென்ஸ் வழியே வரும் அகச்சிவப்பு ஒளி வேறு இடத்தில் குவிவதால் படம் ஊதிப் போகும்.

நட்சத்திரக் கூட்டங்கள், கேலக்ஸிகள்: பில்டரை விட பஸ் டிக்கெட் நல்லது. நகரத்தை விட்டு வெளியே போவதற்கு மாற்று எதுவும் இல்லை. நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றி நீலப் புகை போல் தெரிவதும் நட்சத்திர ஒளியைத் தூசி எதிரொலிப்பதுதான். அது எமிஷன் நெபுலா அல்ல. நேரோபேண்ட் பில்டர் அதை அழித்து விடும்.

எமிஷன் நெபுலாக்கள்: இங்கேதான் டூயல் பேண்ட் பில்டர் ராஜா. மார்கழி, தை மாதங்களில் திருவாதிரை நட்சத்திரம் இருக்கும் ஓரியன் கூட்டத்தில், இடுப்புப் பட்டைக்குக் கீழே உள்ள ஓரியன் நெபுலாவில் தொடங்குங்கள். ஏப்ரல் இரவுகளில் தெற்கே தாழ்வாகத் தெரியும் கரினா நெபுலா, வட நாட்டு நண்பர்களை விட நமக்கு உயரத்தில் கிடைக்கும் பரிசு. தனுசு ராசியில் உள்ள லகூன் நெபுலாவும் அருமையான இலக்கு.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. உங்கள் கேமரா எது? சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவின் உள்ளேயே ஒரு பில்டர் இருக்கிறது. தோலின் நிறம் இயல்பாகத் தெரிவதற்காக அது சிவப்பை அடக்கி வைக்கும். ஹெச்-ஆல்பாவில் நாலில் ஒரு பங்கு போல்தான் உள்ளே விடும். வெளியே விலை உயர்ந்த பில்டரைப் போட்டாலும் உள்ளே இருக்கும் காவலாளி விட வேண்டுமே! இதற்காகவே கேனன் நிறுவனம் 2005ல் 20டிஏ, 2012ல் 60டிஏ, 2019ல் ஈஓஎஸ் ஆர்ஏ என்ற மாடல்களையும், நிகான் 2015ல் டி810ஏ என்ற மாடலையும் வெளியிட்டன. இந்த நான்கும் இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய டிஎஸ்எல்ஆரின் உள் பில்டரைக் கழற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். வாரண்டி போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

2. வண்ணக் கேமராவா, மோனோ கேமராவா? வண்ணக் கேமராவில் நான்கு பிக்ஸலில் ஒன்றுதான் சிவப்பு. ஹெச்-ஆல்பா மட்டும் விடும் பில்டரைப் போட்டால், முக்கால்வாசிப் பிக்ஸல்கள் சும்மா உட்கார்ந்திருக்கும். எனவே வண்ணக் கேமராவிற்கு டூயல் பேண்ட்தான் பொருத்தம். தனித்தனி பில்டர்கள் மோனோ கேமராவிற்கு.

3. லென்ஸ் எவ்வளவு வேகமானது? எப்/2 போன்ற வேகமான லென்ஸில் ஒளி சாய்ந்து நுழைகிறது. சாய்ந்து நுழைந்தால் பில்டர் திறக்கும் இடம் குறைந்த அலை நீளத்தின் பக்கம் நகர்ந்து விடும். 3 நானோமீட்டர் பில்டர் என்றால், நீங்கள் தேடும் கோடே கதவுக்கு வெளியே நின்று விடலாம். வேகமான லென்ஸுக்கென்றே தனி பில்டர்கள் உண்டு.

4. அளவு என்ன? 1.25 அங்குலம், 2 அங்குலம் என்ற இரண்டு அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. சிறியது மலிவு. ஆனால் பெரிய சென்சார் கொண்ட கேமராவில் ஓரங்கள் இருட்டி விடும். பின்னாளில் கேமராவை மாற்ற எண்ணம் இருந்தால் 2 அங்குலமாகவே வாங்குவது புத்திசாலித்தனம்.

5. உங்கள் கருவியிலேயே இருக்கிறதா? 2023ல் வந்த சீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் டெலஸ்கோப்புகளில் டூயல் பேண்ட் பில்டர் உள்ளேயே வருகிறது. செட்டிங்ஸைப் பார்க்காமலேயே இன்னொன்று வாங்க ஓடாதீர்கள்.

கம்ப்யூட்டரைத் தயார் செய்யுங்கள்

இது கம்ப்யூட்டர் இதழ் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பில்டருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை ஹார்ட் டிஸ்க்கிற்கு ஒதுக்குங்கள். 24 மெகாபிக்ஸல் கேமராவின் ஒரு ரா பைல் சுமார் 25 முதல் 30 எம்பி இருக்கும். 100 படம் எடுத்தால் 3 ஜிபி. "இவ்வளவுதானா" என்று நினைக்காதீர்கள். இவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும்போது சாப்ட்வேர் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் மூன்று நிறம், நிறத்திற்கு 4 பைட் என்று விரித்து எழுதலாம். 24,000,000 × 3 × 4 என்றால் ஒரு படத்திற்கு 288 எம்பி. 100 படத்திற்கு கிட்டத்தட்ட 29 ஜிபி! வேலை நடக்கும்போது சி டிரைவ் நிரம்பி கம்ப்யூட்டர் நின்று போவது இதனால்தான். காலியாக 100 ஜிபி வைத்துக் கொண்டு தொடங்குங்கள்.

இனி, பில்டர் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை. ஸ்டெல்லேரியம் என்ற இலவச சாப்ட்வேரில் உங்கள் ஊரைக் கொடுத்து, இன்று இரவு எது எப்போது உயரத்தில் இருக்கும் என்று பாருங்கள். நட்சத்திரங்கள் கோடாக இழுபடாத அளவிற்குச் சின்னச் சின்ன எக்ஸ்போஷர்களாக ரா பார்மட்டில் படம் எடுங்கள். மொத்தம் ஒரு மணி நேரமாவது சேர வேண்டும். சிரில் அல்லது டீப் ஸ்கை ஸ்டாக்கர் என்ற இலவச சாப்ட்வேரில் அடுக்குங்கள். பின்னணி வெளிச்சத்தை நீக்க கிராக்ஸ்பெர்ட் என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. 100 படங்களை அடுக்கினால், ஒரு படத்தைப் போல் 10 மடங்கு நாய்ஸ் குறைந்த படம் கிடைக்கும். இதையும் அந்த வர்க்க மூலம்தான் தருகிறது.

இத்தனையும் செய்த பிறகும் உங்கள் நெபுலா மங்கலாகவே இருந்தால், அப்போது உங்களுக்கு எது குறைகிறது என்று தெரிந்திருக்கும். பில்டருக்கு அதுதான் நேரம்.

பில்டர் வந்த பின் சில பழக்கங்கள். பில்டர் போட்டால் போகஸ் மாறும். 3 மில்லிமீட்டர் கண்ணாடி, குவியும் இடத்தை சுமார் 1 மில்லிமீட்டர் தள்ளி விடும். எனவே மறுபடியும் போகஸ் செய்திடுங்கள். தூசி நிழலைச் சரி செய்ய எடுக்கும் பிளாட் படங்களை ஒவ்வொரு பில்டருக்கும் தனியாக எடுங்கள். தேதி, இலக்கு, பில்டர் மூன்றையும் போல்டரின் பெயரிலேயே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எது எது என்று தேடும்போது எனக்கு நன்றி சொல்வீர்கள்! டூயல் பேண்ட் படத்திலிருந்து ஹெச்-ஆல்பா, ஓ-3 இரண்டையும் தனித்தனி பைலாகப் பிரித்துத் தரும் ஸ்கிரிப்ட் சிரிலிலேயே இருக்கிறது.

இப்படிப் பிரித்து நிறம் கொடுக்கும்போது, "இது உண்மை நிறமா?" என்று வீட்டில் கேட்பார்கள். ஹப்பிள் டெலஸ்கோப் 1995ல் எடுத்த புகழ்பெற்ற ஈகிள் நெபுலா தூண்களின் படத்திலேயே எஸ்-2 சிவப்பாகவும், ஹெச்-ஆல்பா பச்சையாகவும், ஓ-3 நீலமாகவும் வைக்கப்பட்டன. எந்த வாயு எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடம் அது. ஏமாற்று வேலை அல்ல. ஆனால் படத்தின் கீழே அதை எழுதி விடுவது மரியாதை.

விளையாடக் கூடாத பில்டர்

மற்ற பில்டர்களில் தவறு செய்தால் பணம்தான் போகும். சூரிய பில்டரில் தவறு செய்தால் பார்வை போகும். இதை ஒவ்வொரு வீட்டிலும் படித்துக் காட்டுங்கள்.

சூரிய பில்டர் டெலஸ்கோப்பின் முன் வாயில், ஒளி நுழையும் இடத்தில் பொருத்தப்பட வேண்டும். கண் வைக்கும் ஐபீஸில் திருகும் சிறிய கருப்புக் கண்ணாடி உங்கள் பெட்டியில் இருந்தால், அதைத் தூக்கி எறியுங்கள். குவிந்த வெயிலின் சூட்டில் அது வெடித்து விடலாம். சூரிய பிலிம்களில் ஓடி 5 என்று எழுதியிருந்தால் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும். ஓடி 3.8 என்பது சுமார் 6,300ல் ஒரு பங்கு. இரண்டாவது கேமராவிற்கு மட்டுமே. அதன் வழியே கண்ணால் பார்க்கக் கூடாது.

இன்னொரு ஆபத்து, பெயரில் இருக்கிறது. நெபுலாவிற்கான 7 நானோமீட்டர் ஹெச்-ஆல்பா பில்டரும், சூரியனைப் பார்க்கும் ஹெச்-ஆல்பா கருவியும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. சூரியக் கருவி 0.1 நானோமீட்டருக்கும் குறைவான அகலத்தில், வெப்பத்தைத் தடுக்கும் தனிக் கண்ணாடியுடன் வருவது. இரவு பில்டரைக் கொண்டு சூரியனைப் பார்க்கவே கூடாது. 2019 டிசம்பர் 26ல் கோவை, திருச்சி பகுதிகளில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது நினைவிருக்கும். 2031 மே 21ல் இன்னொரு கங்கண கிரகணம் தென்னிந்தியாவின் வழியே செல்கிறது. அதற்குள் இந்த வேறுபாடு எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேன் தண்ணீரும் வானமும்

இவ்வளவு சொன்ன பிறகும் பில்டரைப் பற்றி என் மனதில் ஒரு நெருடல் இருக்கிறது. ஊர்க் கிணறு கெட்டுப் போனதும் நாம் என்ன செய்தோம்? கேன் தண்ணீர் வாங்கத் தொடங்கினோம். வாங்க முடிந்தவர் பிழைத்துக் கொண்டார். கிணற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரோபேண்ட் பில்டரும் வானத்தின் கேன் தண்ணீர்தான். பணம் உள்ளவர் நடு நகரத்திலிருந்தே அழகான நெபுலாவை எடுத்து விடுகிறார். அதே மாடியில் நிற்கும் ஒரு சிறுமிக்கு வெறும் கண்ணால் பால்வீதி தெரியாது. அவள் கண்ணுக்குப் போட எந்தக் கடையிலும் பில்டர் இல்லை.

ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 2.3 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் அங்கே 1986 முதல் இயங்கி வருகிறது. இருட்டான வானத்திற்காகத்தான் மலையைத் தேடிப் போனார்கள். லடாக்கில் ஹான்லே பகுதி 2022ல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இருட்டும் பாதுகாக்க வேண்டிய செல்வம் என்று அரசே ஒப்புக் கொண்டிருக்கிறது. நம் தெருவில் அதைத் தொடங்கக் கூடாதா?

எங்கள் குடியிருப்பில் வாசலுக்கு மேல் ஒரு பெரிய எல்இடி விளக்கு வானத்தைப் பார்த்தபடி பொருத்தப்பட்டது. சங்கச் செயலாளரிடம் போய், "சார், இதைக் கொஞ்சம் தரையைப் பார்க்கத் திருப்பலாமா? வாசலும் நன்றாகத் தெரியும், கண்ணும் கூசாது" என்றேன். "திருட்டுப் பயம் தம்பி, வெளிச்சத்தைக் குறைக்க முடியாது" என்றார். "குறைக்க வேண்டாம் சார், திருப்பினால் போதும்" என்றேன். ஒரு ஸ்பேனர், ஐந்து நிமிடம். இப்போது காவலாளி அண்ணன் கண்ணை இடுக்காமல் வாசலைப் பார்க்கிறார். என் படங்களில் வடக்கு மூலையில் இருந்த வெளுப்பும் குறைந்திருக்கிறது. எந்த பில்டரும் செய்யாத உதவி இது. கேலக்ஸிக்கும் பலன், கண்ணுக்கும் பலன்.

எனவே வாசகர்களே, வரிசை இதுதான். முதலில் உங்கள் மாடி விளக்கையும் வாசல் விளக்கையும் திருப்புங்கள். அடுத்து, கையில் இருக்கும் கேமராவிலும் கம்ப்யூட்டரிலும் ஒரு மணி நேரப் படத்தை அடுக்கிப் பழகுங்கள். மாதம் ஒரு முறை அமாவாசையை ஒட்டி ஊருக்கு வெளியே போய் வாருங்கள். அதன் பிறகும் உங்கள் மனம் ஒரு நெபுலாவின் பெயரைச் சொல்லிக் கொண்டே இருந்தால், தாராளமாக பில்டர் வாங்குங்கள். அப்போது நீங்கள் கடைக்காரரிடம் "எது நல்லது?" என்று கேட்க மாட்டீர்கள். "ஹெச்-ஆல்பா, ஓ-3, 7 நானோமீட்டர், 2 அங்குலம்" என்று கேட்டு வாங்குவீர்கள்.